திரும்பி வருகிறவர்களை யார் எண்ணுவது?

கேள்வி: மூன்று வருடமாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து குலங்களாகப் பிரிந்த ஓநாய் மனிதர்களின் கதை. வருடத்தில் ஒரு பௌர்ணமி அன்று ஐந்து குலமும் ஒரே இடத்தில் கூடும். அந்தப் பெருங்கூடலுக்காக 14 பதவிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் உடை, ஆயுதம், மந்திரம் எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் கூடல் வருகிற அத்தியாயங்களைத் தள்ளிவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். எங்கே தவறு? இன்னும் இரண்டு சந்தேகங்கள். பௌர்ணமியில் எல்லோரும் ஓநாயாகிவிட்டால் சடங்கை யார் நடத்துவது? ஐந்து குலத்துக்கும் பொதுவாக ஓர் ஆல்ஃபா ஓநாயைத் தலைவனாக வைத்திருக்கிறேன். ஆல்ஃபா என்பதே தவறான கருத்து என்கிறார் ஒரு நண்பர். உண்மையா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய இரண்டு அத்தியாயங்களையும் படித்தேன். ஒரு நாள் விட்டு மறுபடியும் படித்தேன். உங்களுக்குச் சடங்கு எழுத வரும். கூடல் முடிந்த பிறகு ஒரு கிழவி சாம்பலில் கையை வைத்து, "இன்னும் சூடு இருக்கு" என்று சொல்கிறாளே, அந்த ஒரு வரியில் எனக்கு அந்த இடமே கண்ணில் தெரிந்தது. வருத்தம் என்னவென்றால் அந்த வரி 19ஆம் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் 18 பக்கமும் உடை வர்ணனை.

மானிடவியலில் சடங்குகளைப் படித்துவிட்டு, பிறகு நாவல்களைச் செம்மைப்படுத்தும் வேலைக்கு வந்த ஆள் நான். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் 14 பேரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்வியைப் போட்டேன்: "இவர் அன்றைக்கு வராமல் போயிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?" மூன்று பேருக்குத்தான் ஏதோ எழுத முடிந்தது. மற்ற 11 பேரும் வருகிறார்கள், நிற்கிறார்கள், சொல்ல வேண்டியதைப் பிசகாமல் சொல்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவர் கையும் நடுங்கவில்லை. உங்கள் நண்பர்கள் பக்கத்தைத் தள்ளியது அதனால்தான்.

ஒரு சமூகம் வருடா வருடம் இத்தனை சிரமப்பட்டு ஒரு காரியத்தைச் செய்கிறது என்றால், அதைச் செய்யாவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்ற பயம் அடியில் இருக்க வேண்டும். உங்கள் ஓநாய் மனிதர்களுக்கு என்ன பயம் என்று தேடிப் பார்த்தேன். வெள்ளித் தோட்டா, வேட்டைக்காரர்கள், பக்கத்து ஊர் மனிதர்கள். எல்லாம் வெளியிலிருந்து வரும் பயம். அதற்குக் காவல் போதும், சடங்கு தேவைப்படாது. சடங்கு பிறப்பது உள்ளே இருக்கும் பயத்திலிருந்து. ஓநாயாகிற மனிதர்களுக்கு அந்தப் பயம் ஒன்றுதான் இருக்க முடியும் என்று நினைக்கிறேன்: போனவர் திரும்பி வராமல் போய்விடுவாரோ.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. ஓநாய் மனிதர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளிலேயே இந்தப் பயம்தான் நடுநாயகமாக இருக்கிறது. கிரேக்கத்தின் ஆர்க்காடியா மலைநாட்டில், லைக்காயோன் மலைமேல் சீயஸ் கடவுளுக்கு நடந்த பலியின்போது ஒருவன் ஓநாயாகிவிடுவான் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போய்வந்த பௌசானியஸ் என்ற கிரேக்கப் பயணி இதை எழுதிவைத்திருக்கிறார். ஓநாயாக இருக்கும் காலத்தில் அவன் மனித மாமிசத்தைத் தொடாமல் இருந்தால், பத்தாவது வருடம் மறுபடியும் மனிதனாவான். தொட்டுவிட்டால் கடைசிவரை ஓநாய்தான். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் ரோமானிய எழுத்தாளர் பிளினி இன்னும் விவரமாகச் சொல்கிறார். ஒரு குடும்பத்தில் சீட்டுப் போட்டு ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். அவனை ஒரு நீர்நிலைக்குக் கூட்டிப் போவார்கள். அவன் உடைகளைக் கழற்றி ஒரு ஓக் மரத்தில் மாட்டிவிட்டு, நீந்தி அக்கரை ஏறி ஓநாயாகிவிடுவான். ஒன்பது வருடம் மனிதர்களைத் தொடாமல் இருந்தால், அதே நீரை நீந்தித் திரும்பி வந்து பழைய உருவத்தைப் பெறுவான், ஒன்பது வயது கூடியிருக்கும். பிளினி இதையெல்லாம் நம்பவில்லை, கிரேக்கர்கள் எதையும் நம்புவார்கள் என்று அலுத்துக்கொள்கிறார். ஆனாலும் ஒரு தகவலைச் சேர்க்கிறார்: திரும்பி வந்தவனுக்கு அவன் மாட்டிவிட்டுப் போன அதே உடை கிடைக்குமாம்.

அந்த உடையை நினைத்துப் பாருங்கள். ஒன்பது வருடம் மரத்தில் தொங்குகிறது. மழை, வெயில், பூச்சி. யாரோ ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளாமல் அது எப்படி இருந்திருக்கும்? பழைய கதை அதைச் சொல்லவில்லை. உங்கள் நாவல் சொல்லலாம்.

12ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட ஒரு கதைப்பாட்டிலும் உடைதான் எல்லாம். வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகும் ஒரு பிரபு, தன் உடையை எங்கே ஒளித்துவைக்கிறான் என்பதை மனைவியிடம் சொல்லிவிடுகிறான். அவள் அதைத் திருட வைக்கிறாள். அவன் ஓநாயாகவே மாட்டிக்கொள்கிறான். ரொம்ப நாள் கழித்து உடை கிடைத்து அவன் முன்னால் வைக்கிறார்கள். அவனோ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அரசனிடம் ஒரு பெரியவர் சொல்கிறார்: இத்தனை பேர் பார்க்க அவன் மாற மாட்டான், வெட்கப்படுவான், ஓர் அறையில் தனியாக விடுங்கள். விட்டார்கள். கதவைத் திறந்தபோது அரசனின் கட்டிலில் ஒரு மனிதன் தூங்கிக்கொண்டிருந்தான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் இளகிவிடும். ஓநாயாக இருந்தபோது கூச்சப்படாதவன், மனிதனாகும் அந்த நொடிக்குக் கூச்சப்படுகிறான்.

உங்கள் அத்தியாயத்தில் 500 பேர் ஒரே நேரத்தில், நட்டநடு மைதானத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தபடி மனிதராகிறார்கள். அதற்கு இரண்டே வரி. மாறிப்போவதற்கு ஆறு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். என் யோசனை, இதைத் தலைகீழாக்குங்கள். போவது சுலபமாக இருக்கட்டும், நிலா பார்த்துக்கொள்ளும். திரும்பி வருவதற்குத்தான் ஆள் வேண்டும். உங்கள் பதவிகள் எல்லாம் அங்கிருந்து முளைக்க வேண்டும்.

அப்படி யோசித்தால் எனக்கு முதலில் வருவது உடை காப்பவர். அவரிடம் ஒவ்வொருவரும் ஒரு மூட்டை கொடுத்துவிட்டுப் போவார்கள். யாருடையது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது, பேர்சொல்லி. விடியும் நேரம் எல்லையில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுபவர். "பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும்" என்று நம் மொழியில் சொல்கிறோமே, அந்தச் சொல்லை இங்கே எடுத்துக்கொள்ளலாம். தன் பெயரைக் கேட்டு அடையாளம் தெரிந்துகொண்டவர் மனிதராக வருவார். மூன்றாவது, எண்ணுபவர். போனவர் எத்தனை, வந்தவர் எத்தனை. அவ்வளவுதான் அவர் வேலை. உங்கள் 14 பதவியையும் விட எனக்கு இந்த மூன்றும் அதிகப் பயத்தைத் தருகின்றன.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் கடிதத்திலேயே சிறந்த கேள்வி. எல்லோரும் மாறிவிட்டால் சடங்கை யார் நடத்துவது? தீவட்டி பிடிக்கக் கை இல்லை, மந்திரம் சொல்ல நாக்கு இல்லை.

பிரெஞ்சு அறிஞர் அர்னால்டு வான் கெனெப் 1909இல், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மனிதர்களைக் கடத்தும் சடங்குகள் எல்லாம் மூன்று கட்டமாக நடப்பதைக் காட்டினார். முதலில் பிரித்தெடுப்பது. பிறகு இங்கேயும் இல்லாமல் அங்கேயும் இல்லாமல் இருக்கும் ஓர் இடைக்காலம். கடைசியில் திரும்பச் சேர்த்துக்கொள்வது. 1960களில் மானிடவியலாளர் விக்டர் டர்னர், சாம்பியாவின் நிடெம்பு மக்களிடையே தான் பார்த்ததை வைத்து அந்த நடுக்கட்டத்தை விரிவாக எழுதினார். அந்தக் கட்டத்தில் இருப்பவர்களுக்குப் பதவி கிடையாது, சொத்து கிடையாது, பெயர்கூட இருக்காது. எல்லோரும் ஒன்றுபோல. உங்கள் ஓநாய்களுக்கு இது அப்படியே பொருந்துகிறது. நடு இரவில் பதவி இருக்கக் கூடாது. கிரீடம் போட்ட ஓநாய் வேண்டாம், அந்த இடத்தை எடுத்துவிடுங்கள்.

ஆகவே கையும் பேச்சும் வேண்டிய வேலைகள் எல்லாம் நிலா எழுவதற்கு முன்னாலோ, விழுந்த பின்னாலோ முடிய வேண்டும். இங்கே வானியலைக் கொஞ்சம் கவனித்தால் கதைக்கு நல்லது. முழுநிலா சூரியனுக்கு நேரெதிரில் இருப்பதால், சூரியன் மறையும் நேரத்தை ஒட்டித்தான் எழும், சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் மறையும். அப்படியென்றால் உங்கள் மக்களுக்கு இருட்டில் பேசிக்கொண்டிருக்க நேரமே கிடையாது. உறுதிமொழியை நள்ளிரவில் வைத்திருக்கிறீர்கள். அதை யார் வாயால் சொல்வது? மாலை வெயில் சாய்ந்துகொண்டிருக்கும்போது, "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒருவர் அவசரப்படுத்த, பாதிச் சொல்லில் குரல் உடைந்துபோகிற மாதிரி எழுதிப் பாருங்கள். குளிர்கால முழுநிலா வானில் உயரமாகவும் நெடுநேரமும் இருக்கும், கோடையில் தாழ்வாகச் சீக்கிரம் போய்விடும். குளிர்காலக் கூடல் ஆபத்தானது, நீண்ட இரவு. எந்தப் பருவத்தில் கூடல் என்பதை நீங்கள் சொல்லவே இல்லை, முதலில் அதை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. முழு சந்திர கிரகணம் பௌர்ணமியில் மட்டும்தான் வரும். பூமியின் நிழல் நிலாவை முழுசாக மூடியிருக்கும் நேரம் அதிகபட்சம் ஒரு மணி 47 நிமிடம் போகலாம். அந்த நேரத்தில் உங்கள் ஓநாய்கள் என்ன ஆகும்? மனிதராகிவிட்டால் காட்டின் நடுவில், உடையில்லாமல், பக்கத்தில் இருப்பது யார் என்று தெரியாமல் நிற்பார்கள். பேர்சொல்லி தூரத்தில் எல்லையில் இருக்கிறார், மூட்டைகள் அவர் பின்னால் இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் மறுபடி மாற வேண்டும். இதற்கென்று பழைய ஏற்பாடு ஏதாவது அவர்களிடம் இருக்குமா, மறந்துபோயிருக்குமா? உங்கள் நாவலின் நடுப்பகுதி இதுவாக இருக்கலாம் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

சரி, இரவில் மனிதராகவே இருப்பவர்கள் யார்? இன்னும் முதல் மாற்றம் வராத பிள்ளைகள். வெளியிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். வயதாகி மாற்றம் நின்றுபோனவர்கள். இவர்கள் மூன்று பேரும் உங்கள் கதையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். சடங்கை நடத்துகிறவர்கள் இவர்கள்தான் என்று வையுங்கள். பகலில் மதிப்பில்லாதவர்கள் கையில் ஒரு ராத்திரி முழுக் குலத்தின் உயிரும் இருக்கும். வயதாகி மாற்றம் நின்ற ஒருவரிடம் முதன்முதலாக எண்ணும் வேலையைக் கொடுக்கும் காட்சியை எழுதுங்கள். அவருக்கு அது மரியாதையா, துக்கமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். போன வருடம்வரை எண்ணப்பட்டவர் அவர்.

எண்ணுபவர் வேலை எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓநாய்களே ஒரு காரணம் வைத்திருக்கின்றன. ஓநாய்கள் சேர்ந்து ஊளையிடும்போது ஒவ்வொன்றும் வேறு சுருதியில் பிடிக்கும், சுருதியை மாற்றிக்கொண்டே இருக்கும். மரத்திலும் பாறையிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேரும்போது, இரண்டு மூன்று ஓநாய்கள் ஒரு பெரிய கூட்டம் மாதிரிக் கேட்கும். ஆகவே காதை நம்பி எண்ண முடியாது. இரவு முழுதும் அவருக்குக் கேட்பது நிறைந்த கூட்டத்தின் குரல். விடிந்த பிறகுதான் உண்மை தெரியும்.

ஆல்ஃபா விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் சரி. 1947இல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல், சுவிட்சர்லாந்தின் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதியதிலிருந்து, சண்டை போட்டு மற்றவற்றை அடக்கும் ஓநாயே ஆல்ஃபா, அதாவது தலைவன், என்ற கருத்து பரவியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் அதை இன்னும் பரப்பியது. அதே மெக் பிறகு காட்டு ஓநாய்களைப் பல வருடம் நேரில் பார்த்துவிட்டு, 1999இல் தன் கருத்தைத் தானே திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அம்மா, அப்பா, பிள்ளைகள். தலைமை என்பது சண்டை போட்டு வாங்கியது அல்ல, பெற்று வளர்த்ததால் வந்தது.

உங்களுக்கு இதில் கிடைக்கிற லாபம் பெரிது. ஒரு குலத்துக்குள் தலைமை சிக்கல் இல்லை, அம்மா அப்பா இருக்கிறார்கள். ஐந்து குலம் ஒன்றுகூடினால்? எல்லோருக்கும் பெற்றோர் என்று யாரும் கிடையாது. அது போக, வெவ்வேறு கூட்டத்து ஓநாய்கள் சந்தித்தால் பெரும்பாலும் சண்டைதான். காட்டில் ஓநாய்கள் சாவதற்கு வேறு கூட்டத்து ஓநாய்களின் தாக்குதல் ஒரு முக்கியமான காரணம். அப்படியிருக்க உங்கள் பெருங்கூடல் என்பதே ஓநாயின் இயல்புக்கு எதிரான காரியம். மனிதப் பாதி ஆசைப்படுகிறது, ஓநாய்ப் பாதி பல்லைக் காட்டுகிறது. இதை எங்கேயும் நீங்கள் தொடவே இல்லை.

ஆக, கூடலுக்குப் பலசாலியான தலைவன் தேவையில்லை, அமைதியைக் காப்பவர் வேண்டும். ஐஸ்லாந்தில் கி.பி. 930 வாக்கில் தொடங்கிய அல்திங் பேரவையை ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முக்கியமான ஆள் சட்டம் சொல்பவர். எழுத்தில் இல்லாத சட்டத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக, மூன்று வருடத்தில் முழுவதையும் ஒரு பாறைமேல் நின்று சொல்ல வேண்டும். யாரையும் தண்டிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. நினைவு மட்டும்தான் அவரிடம் இருந்தது. உங்கள் கதைக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சட்டம் சொல்பவருக்கு மறதி வந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு பகுதியை விட்டுவிடுகிறார். கேட்டவர்களில் ஒருவருக்கு மட்டும் அது தெரியும், அந்த ஒருவருக்கு அந்தச் சட்டம் இல்லாமல் போவதுதான் வசதி. வாயைத் திறப்பாரா?

அன்றைய ஐஸ்லாந்து மக்கள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் 'வர்கர்' என்ற சொல்லுக்கு ஓநாய் என்றும் பொருள், ஊர்விலக்கு ஆனவன் என்றும் பொருள். காவலுள்ள புனித இடத்தில் அமைதியைக் குலைத்தவனை 'புனித இடத்தில் ஓநாய்' என்றே சொன்னார்கள். மனிதர்கள் தங்களில் கெட்டவனை ஓநாய் என்றார்கள். உங்கள் ஓநாய் மனிதர்கள் தங்களில் அமைதியைக் குலைத்தவனை என்னவென்று அழைப்பார்கள்? 'மனிதன்' என்றா? அந்த ஒரு சொல்லை முடிவு செய்துவிட்டால் விலக்கும் சடங்கு தானாக வந்துவிடும்.

மற்றப் பதவிகளுக்கு விதை வேண்டுமானால் லிவோனியா பக்கம் பாருங்கள், இன்றைய லாட்வியாவும் எஸ்டோனியாவும் இருக்கும் பகுதி. 16ஆம் நூற்றாண்டு நூல்களில் அங்கத்து ஓநாய் மனிதர்களின் கூட்டம் பற்றி நிறையக் கதைகள் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கால் ஊனமான ஒரு பையன் ஊர் ஊராகப் போய் எல்லோரையும் கூப்பிடுவானாம். வரத் தயங்கினால், இரும்புச் சாட்டை வைத்திருக்கும் ஒருவன் அடித்து ஓட்டுவானாம். ஆறு குறுக்கிட்டால் அவன் சாட்டையால் தண்ணீரை அடிக்க, தண்ணீர் பிளந்து வழிவிடும். 12 நாள் ஓநாயாக அலைந்துவிட்டுத் திரும்புவார்கள். உங்கள் நாவலில் கூடலுக்கு அழைக்கிறவர் தங்கக் கொம்பு ஊதுகிறார். அவருக்குப் பதிலாக நொண்டிக்கொண்டு நடக்கும் ஒரு பையன் வந்து கதவைத் தட்டினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். எல்லோரையும் விட வேகமாக ஓடும் இனம், தன்னிலேயே மெதுவாக நடப்பவனைத் தூது அனுப்புகிறது. ஏன்? காரணம் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் தேடுகிறபோது அந்தச் சமூகம் உங்களுக்கே புரியத் தொடங்கும்.

சுவீடனைச் சேர்ந்த ஓலாஸ் மாக்னஸ் 1555இல் ஒரு சுவரைப் பற்றி எழுதினார். லித்துவேனியா, சமோகிதியா, கூர்லாந்து ஆகியவற்றின் எல்லையில் இடிந்த கோட்டை ஒன்றின் சுவர். வருடத்தில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஓநாய் மனிதர்கள் அங்கே கூடி, அதைத் தாண்டிப் பார்ப்பார்களாம். உடம்பு கனத்துத் தாண்ட முடியாதவரைத் தலைவர்களில் ஒருவன் சாட்டையால் அடிப்பான். உங்கள் 18 பக்க வர்ணனைக்கு ஈடாக இந்த ஒரு சுவரைக் கேட்பேன். 30 வருடமாகத் தாண்டிய ஒருத்தி இந்த வருடம் அதன் முன்னால் நிற்கிறாள். அவ்வளவு போதும், பக்கத்தை யாரும் தள்ள மாட்டார்கள்.

கூடல் எதற்காக என்ற கேள்வியும் இருக்கிறது. உங்கள் ஐந்து குலமும் "ஒற்றுமைக்காக" கூடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. 1691இல் லிவோனியாவில் தீஸ் என்ற 80 வயது தாண்டிய கிழவர் நீதிமன்றத்தில், ஆமாம், நான் ஓநாய் மனிதன்தான் என்று தானே சொன்னார். தாங்கள் கடவுளின் வேட்டைநாய்கள் என்றார். வருடத்தில் மூன்று இரவு நரகத்துக்குள் போய், சூனியக்காரர்கள் திருடிய விளைச்சலை மீட்டு வருவதாகவும், அவர்கள் மீட்டு வந்தால்தான் அந்த வருடம் தானியம் நன்றாக விளையும் என்றும் சொன்னார். பாதிரியார் எவ்வளவோ சொல்லியும் தான் செய்தது பாவம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. மறு வருடம் கசையடியும் நாடுகடத்தலும் தண்டனையாகக் கிடைத்தன. அவருடைய கூட்டத்துக்கு ஒரு வேலை இருந்தது. தோற்றால் ஊர் பட்டினி. உங்கள் ஐந்து குலம் அந்த இரவில் எதை மீட்டு வருகிறார்கள்? எதை அங்கே விட்டுவிட்டு வருகிறார்கள்?

இன்னொரு வழியும் உண்டு. அயர்லாந்தின் ஓசரி பகுதியைப் பற்றி ஜெரால்டு என்ற வேல்ஸ் நாட்டு மதகுரு 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியது. ஒரு சாபத்தால் அந்த மக்களில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏழு வருடம் ஓநாயாக வெளியே போக வேண்டும். பிழைத்திருந்தால் ஊர் திரும்பலாம், அடுத்த இருவர் போவார்கள். எல்லோருக்குமான சுமையை இருவர் சுமக்கிறார்கள். அந்தப் பெண் ஓநாய் சாகக் கிடந்தபோது, ஆண் ஓநாய் காட்டு வழியில் போன ஒரு பாதிரியாரைக் கூட்டி வந்து கடைசிச் சடங்கைச் செய்யச் சொல்கிறது. அவர் தயங்க, அவள் ஓநாய்த் தோலைத் தலையிலிருந்து தொப்புள்வரை கீழே இறக்கிக் காட்டுகிறது. உள்ளே ஒரு வயதான பெண். உங்கள் நாவலில் சாவுச் சடங்கே இல்லை என்பதை அதைப் படித்தபோதுதான் கவனித்தேன். ஓநாயாக இருக்கும்போது இறந்தவரை எந்த உருவத்தில் புதைப்பார்கள்? அவர் மூட்டையை யார் பிரிப்பார்கள்?

பதவிகளின் பெயரைப் பற்றிக் கொஞ்சம். 'மகாசந்திராதிபதி', 'விருகசேனாபதி' என்று நீளமாக வைத்திருக்கிறீர்கள். வேலையையே பெயராக வையுங்கள். உடை காப்பவர், பேர்சொல்லி, எண்ணுபவர், கூப்பிடு பையன், சட்டம் சொல்பவர். தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பெயர் தேய்ந்து சின்னதாகத்தான் இருக்கும். அப்புறம், மந்திரங்களைப் பாதியாகக் குறையுங்கள். ரோமில் பிப்ரவரி 15 அன்று நடந்த லூப்பர்காலியா விழாவில், பலியிட்ட கத்தியின் ரத்தத்தை இரண்டு இளைஞர்களின் நெற்றியில் தடவி, பாலில் நனைத்த கம்பளியால் துடைப்பார்கள். துடைத்ததும் அவர்கள் சிரிக்க வேண்டும், அது விதி. அந்த இடத்தில் எந்த மந்திரத்தை விடவும் அந்தச் சிரிப்பு என்னை உலுக்குகிறது. அதைச் சிரிக்க முடியாத ஒரு பையனை உங்களால் எழுத முடியும்.

எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், நான் குறித்துவைத்த ஒரு மாதிரி இது. உங்கள் நடையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேற்கே நிலா மரங்களுக்குள் இறங்கிவிட்டது. அவள் மூட்டைகளைத் திரைக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்தாள், யாரும் யாரையும் பார்க்க முடியாதபடி. பேர்சொல்லியின் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மூச்சு விட்டுக் கூப்பிட்டான். திரைக்குப் பின்னால் இருமல் கேட்கும், துணி உதறும் சத்தம் கேட்கும், அவள் விரலை மடக்குவாள். அறுபத்து மூன்று மூட்டை. வெயில் வந்துவிட்டது. கிழவர் எண்ணி முடித்துவிட்டு எதுவும் சொல்லாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் குனிந்து, மிச்சமிருந்த ஒரு மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். இரவெல்லாம் அவள் பக்கத்தில் இருந்ததால் அதில் இன்னும் சூடு இருந்தது."

கடைசி வரியில் உங்கள் கிழவியின் சொல்லைத்தான் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன். அந்த 11 பதவிகளையும் அழித்துவிடாதீர்கள், தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று பேர் பிறகு வேறு வேலையோடு திரும்பி வரலாம். முழு அத்தியாயத்தையும் இப்போது திருத்த வேண்டாம். விடியல் காட்சியை மட்டும் நாலு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எழுத உட்காருவதற்கு முன்னால், அந்த மிச்ச மூட்டை யாருடையது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.